வாசம் இல்லாத மருந்து

நில்லுங்க தம்பி, நில்லுங்க. செருப்பைப் படிக்கட்டு ஓரமா விட்டுப்போட்டு, அந்தப் பிளாஸ்டிக் தட்டத்துல ரெண்டு காலையும் வெச்சு எடுங்க. பயப்படாதீங்க, பிளீச்சிங் பவுடர் கரைச்ச தண்ணிதான். கோழிப் பண்ணையில பாத்திருப்பீங்களே, ஆளு உள்ள போறதுக்கு முன்னால காலை நனைச்சுட்டுத்தான் போகோணும். கோழிக்கே அவ்வளவு பாக்கறாங்க, நான் மனுசிக்குப் பாக்கக் கூடாதுங்களா? என்ற பொண்டாட்டி உள்ள நெஞ்சுக் கோளாறுல கெடக்கறா. வெளியில இருந்து வர்ற கால்ல என்னென்ன ஒட்டிக்கிட்டு வருமோ, யாரு கண்டா.

ம், இப்ப வாங்க. எரியுதுங்களா? பித்த வெடிப்பு இருந்தா எரியும். எரிஞ்சாத்தான் மருந்து.

ஆக்சிஜன் மெஷின் கம்பெனியில இருந்துதானே வர்றீங்க? பேரு என்னன்னீங்க? ரூபனா. உக்காருங்க ரூபன் தம்பி. மெஷினைச் சித்த நேரம் கழிச்சுப் பாக்கலாம், அது எங்கயும் ஓடிடாது. அந்தக் கட்டில்ல தலகாணியை முதுகுக்குக் குடுத்து உக்காந்திருக்கறா பாருங்க, அவதான் வசந்தாமணி, என்ற சம்சாரம். படுக்க மாட்டா. படுத்தா மூச்சு முட்டுதாம். நீங்க வணக்கம் சொன்னா கையைத்தான் தூக்குவா, பேச்சு இப்பக் கம்மி. ரெண்டு வார்த்தை பேசறதுக்குள்ள நாலு வாட்டி இருமறா. அதனால நானே பேசிக்கறேன். இந்த வீட்டுல எப்பவும் அப்பிடித்தான்னு வெச்சுக்குங்களேன்.

உள்ள வந்ததும் ஒரு வாசம் வந்துதில்ல? கண்ணைக் கசக்கறீங்க பாருங்க, அதைத்தான் சொல்றேன். அந்த வாசம் இருந்தாத்தானுங்க அது வீடு. வாசம் இல்லைன்னா கிருமி சாகலைன்னு அர்த்தம். இது நான் சும்மா சொல்றதில்லை. நகராட்சியில சானிட்டரி இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். நாச்சிமுத்துன்னு சொன்னா யாருக்கும் தெரியாது, பிளீச்சிங் நாச்சிமுத்துன்னு கேட்டுப் பாருங்க, பஸ் ஸ்டாண்டுல இருந்து ஆட்டோக்காரனே கொண்டாந்து விட்டுடுவான். அவ்வளவு மரியாதை.

மந்திரி வர்றாருன்னா ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைக் கோடு போடுவாங்களே, பாத்திருக்கறீங்களா? அந்தக் கோட்டைக் கோணாம போடறதுக்கு இந்த ஊருல என்னை விட்டா ஆளு கிடையாது. கயிறு கட்டிப் போடச் சொல்லுவேன். ஒரு வாட்டி ஒரு கவுன்சிலரு கேட்டாரு, ஏனுங்க, நாத்தம் அடிக்கறது சாக்கடை, பவுடரை ரோட்டு மேல கொட்டறீங்களேன்னு. மந்திரி என்ன சாக்கடைக்குள்ளயா எட்டிப் பாக்கப் போறாருன்னேன். அதுதாங்க அனுபவம்ங்கறது.

அந்த ஜன்னல் பக்கம் போகாதீங்க தம்பி. அதைத் தொறக்கறதில்லை. மருந்து போட்ட வீட்டுல ஜன்னலைத் தொறந்தா மருந்து வெளியில போயிடும். ஃபேன் வேணா போடறேன்.

சரி, உங்களை எதுக்குக் கூப்பிட்டுருக்குதுன்னு தெரியுமுங்களா? நான் கூப்பிடலை. என்ற பொண்ணு தமயந்தி கூப்பிட்டிருக்கறா, கோயமுத்தூருல இருந்து. இந்த மெஷினுக்கு வாடகை கட்டறதும் அவதான். மெஷின் ஏதோ தப்பா ஓடுது, மூக்கெல்லாம் எரியுதுன்னு இவ போன்ல ரகசியமாச் சொல்லியிருக்கறா. பக்கத்துல நான் இருக்கறேன், எங்கிட்டச் சொல்லக் கூடாதா? பொண்ணுகிட்டச் சொல்லுவா. ஆத்தாளும் மகளும் அப்பிடித்தான், என்ற தலைக்கு மேலயே பேசிக்குவாங்க. அதுல நான் பட்டது போதும் தம்பி. நீங்க அன்னியரு, உங்ககிட்டச் சொன்னா என்ன.

போன மாரியம்மன் நோம்பிக்குத் தமயந்தி கொழந்தையைத் தூக்கிட்டு வந்தா. பேத்தி பேரு மகிழினி. அப்பத்தான் தவழுது. தங்க விக்கிரகமாட்ட இருக்கும். பேத்தி தவழற தரையாச்சேன்னு நான் என்ன பண்ணேன், வழக்கமா ஊத்தற கறுப்புப் பினாயிலை ரெண்டு மடங்கா ஊத்தித் துடைக்கச் சொன்னேன். கலக்கறது நானு, துடைக்கறது வசந்தாமணி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அதுதான் ஏற்பாடு. கலக்கறதை நான் யாரையும் நம்பி விடறதில்லை.

அன்னைக்குப் பொழுதோட கொழந்தைக்கு முட்டியெல்லாம் செவந்து போச்சு. ராவெல்லாம் கிய்யு கிய்யுன்னு இழுத்துது. கோழிக் குஞ்சு மாதிரி வாயைத் தொறந்து மூச்சு விடுது. எனக்கு மனசு கேக்கலை. நான் என்ன கல்லா? உடனே எந்திரிச்சு, கொழந்தை படுத்திருந்த ரூமை இன்னொரு வாட்டி பினாயில் போட்டுத் துடைச்சேன். நானேதான் துடைச்சேன், வயசு காலத்துல குனிஞ்சு.

விடிஞ்சதும் தமயந்தி கொழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிட்டா. நோம்பி சோறுகூடத் திங்கலை. போறப்ப வாசல்ல நின்னு ஒரு பாடம் எடுத்தா பாருங்க. காலேஜுல கெமிஸ்ட்ரி நடத்தறா, அந்தத் திமிரு. அப்பா, அழுக்கை எடுக்கறது வேற, கிருமியைக் கொல்றது வேற. வீட்டுத் தரைக்குச் சோப்புத் தண்ணியே போதும். கக்கூஸுக்கு, சளி, வாந்தி பட்ட எடத்துக்குத்தான் மருந்து வேணும், அதுலயும் மூச்சைப் புடிக்காத மருந்து இருக்குது. அதை ஊத்தி அஞ்சு பத்து நிமிசம் ஈரமா விட்டாத்தான் கிருமி சாகும், நாத்தத்துல ஒண்ணும் சாகறதில்லை. ஜன்னலைத் தொறந்து வெய்யுங்க, ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒண்ணாச் சேக்காதீங்க, அம்மா இருமறது உங்க பினாயிலாலதான்னா.

அம்மா இருமறது பினாயிலாலயாம். இவ கல்யாணம் ஆகி வந்த வருசத்துல இருந்து இருமறா. அது உங்க ஆத்தா வீட்டு வம்சத்துலயே இருக்கற இருமல்னு சொன்னேன். கார்ல இருந்து ஒரு வெள்ளைக் கேனை எடுத்து வெச்சுட்டுப் போனா. மோந்து பாத்தேன். ஒரு வாசமும் இல்லை. தண்ணி மாதிரி கெடக்குது. இதுக்குக் கிருமி பயப்படுமா? நானே பயப்படலை. கொண்டுபோயிச் சாக்கடையில ஊத்துன்னு வசந்தாமணிகிட்டச் சொன்னேன். சரிங்கன்னு எடுத்துட்டுப் போனா.

இப்பக் கேளுங்க. இங்கதான் கதையே இருக்குது.

அதுக்கப்பறம் ஒரு பத்து நாளு இருக்கும். இவளுக்கு இருமல் கொறைஞ்சுது. ஒரு மாசத்துல சுத்தமா நின்னு போச்சு. நான் சொல்றது பொய்யில்லை தம்பி, தெருவுல யாரைவேணா கேளுங்க. கட்டில்ல காலை நீட்டிப் படுத்துத் தூங்கறா. மாடிப்படி ஏறி வடகம் காயப் போடறா. வாசல்ல கோலம் போட்டுக்கிட்டே எதுத்த வீட்டுக்காரிகூடச் சத்தமாப் பேசறா. கன்னம்கூடக் கொஞ்சம் வெச்சுது. ஒரு நாளு சமையக்கட்டுல ஏதோ பாட்டு முணுமுணுக்கறா. இந்த வீட்டுல அவ பாடி நான் கேட்டதே இல்லை. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு.

நான் என்ன நெனைச்சேன்? பினாயிலை ரெண்டு மடங்காக்குனேனில்ல, அதுதான் வேலை செய்யுதுன்னு நெனைச்சேன். நியாயம்தானுங்களே? ஓய்வூதியர் சங்கத்துல எந்திரிச்சு நின்னு பேசினேன். அய்யா, டாக்டருக பத்து வருசமா மாத்திரை குடுத்துத் தீராத இருமலை நான் பினாயில்லயே தீத்துட்டேன், எல்லாரும் ரெண்டு மடங்கு ஊத்துங்கன்னேன். கை தட்டினாங்க. ரெண்டு மூணு பேரு வீட்டுக்கு வந்து அளவு கேட்டுட்டுப் போனாங்க. வசந்தாமணிதான் அவங்களுக்குக் காப்பி கொண்டாந்து வெச்சா. அவளைக் காட்டிச் சொன்னேன், பாருங்க, இதுக்கு மேல சாட்சி வேணுமான்னு. அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள போயிட்டா. வெக்கப்படறான்னு நெனைச்சேன்.

அப்பறம் ஒரு நாளு சேர்ல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருக்கறேன். தரையில ஒரு எறும்பு போகுது. அதுக்குப் பின்னால இன்னொண்ணு. வரிசை வெச்சுப் போகுதுங்க தம்பி, என்ற வீட்டுத் தரையில. பினாயில் போட்ட தரையில எறும்பு வருமா? எறும்புக்கு மூக்கு இருக்குதுங்க. நான் பேப்பரை மடிச்சு வெச்சுட்டு வரிசை புடிச்சுக்கிட்டே போனேன். என்ற சர்வீஸுல எத்தனை ஓட்டலை இப்பிடிக் கண்டுபுடிச்சிருப்பேன். வரிசை நேராப் போயி மாப்புக் குச்சியில ஏறுது. அங்கிருந்து பக்கெட்டு. பக்கெட்டுல இருந்து, நான் காலியாக்கிப் போட்ட ஒரு பழைய பினாயில் பாட்டில். பாட்டில் மூடியைச் சுத்தி மொய்க்குது. தொறந்து மோந்தேன். வாசமே இல்லை. நாக்குல வெச்சுப் பாத்தேன். என்னான்னு நெனைக்கறீங்க? கஞ்சி. சோறு வடிச்ச கஞ்சி.

பினாயிலைத் தண்ணியில ஊத்துனா பால் மாதிரி ஆகுமில்ல, அதுக்காகக் கஞ்சி கலந்திருக்கறா. மிச்சமெல்லாம் தமயந்தி குடுத்த அந்த வாசம் இல்லாத மருந்து. சாக்கடையில ஊத்தவே இல்லை. தீரத் தீர பொண்ணு எதுத்த வீட்டு விலாசத்துக்குப் பார்சல் போட்டிருக்கறா. நான் கலக்கிக் குடுக்கற பினாயிலைக் கொல்லப்பக்கம் கொட்டிப்போட்டு, இதை ஊத்தித் துடைச்சிருக்கறா. அப்ப எனக்கு வாசம் எப்பிடி வந்துதுன்னு கேக்கறீங்களா? அதுதாங்க கூத்து. என்ற சேருக்குப் பின்னால ஆணியில ஒரு பழந்துணியைப் பினாயில்ல நனைச்சுத் தொங்க விட்டிருக்கறா. வாசம் எனக்கு மட்டும். வீட்டுக்குக் கிடையாது.

சிரிக்காதீங்க தம்பி. உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். கட்டின பொண்டாட்டி இத்தனை வருசம் கூட இருந்துட்டு இப்பிடிப் பண்ணுனா உங்களுக்கு எப்பிடி இருக்கும்?

கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கலை. ஏனுங்க, இந்த மூணு மாசமாத்தான் நான் மனுசியா இருக்கறேனுங்க, இதை மட்டும் என்னைப் பண்ண விட்டுடுங்கன்னா. கையெடுத்துக் கும்பிட்டா. அதைக் கேட்டதும்தான் எனக்கு வயித்தெரிச்சல் தாங்கலை. சங்கத்துல அத்தனை பேரு முன்னால பேசியிருக்கறேன். அளவு எழுதிக் குடுத்திருக்கறேன். நாளைக்கு இது வெளியில தெரிஞ்சா என்ற மூஞ்சியை எங்க கொண்டுபோயி வெச்சுக்கறது? அவ இருமல் நின்னது பெருசா, என்ற மானம் பெருசா? நீங்களே சொல்லுங்க.

அடிக்கலைங்க. நான் கையை நீட்டறவன் கிடையாது, வேணும்னா அவளையே கேளுங்க. அந்தக் கேனைச் சாக்கடையில நானே ஊத்துனேன். வீடு முச்சூடும் நானே கழுவினேன். பாத்ரூமுக்கு மட்டும் அவளைக் கூப்பிட்டேன். உள்ள வந்து நில்லு, எப்பிடிக் கழுவோணும்னு கண்ணால பாத்துக் கத்துக்கன்னேன். பிளீச்சிங் பவுடரை அள்ளித் தரையில போட்டு, ஆசிட்டு பாட்டிலை எடுத்து அது மேல ஊத்துனேன். பொண்ணு சேக்காதேன்னு சொல்லிட்டுப் போனாளே, அதுக்காகவே சேத்தேன். புஸ்ஸுன்னு பொங்குச்சு. மஞ்சளும் பச்சையுமா புகை. அந்த மாதிரி நுரைச்சு நான் சர்வீஸுலகூடப் பாத்ததில்லை. எனக்கே கண்ணு தெரியலை, வெளியில வந்துட்டேன். வந்து கதவைச் சாத்துனேன்.

தாழ்ப்பாள் போடலை. அதை நல்லா கேட்டுக்குங்க, பொண்ணு ஊரெல்லாம் தாழ்ப்பாள் போட்டேன்னு சொல்லிட்டுத் திரியறா. கைப்புடியைப் புடிச்சுக்கிட்டு நின்னேன், அவ்வளவுதான். மருந்து போட்ட ரூமை வேலை முடியற வரைக்கும் தொறக்கக் கூடாது. அது ரூல். ஆஸ்பத்திரியில வார்டுக்குப் புகை போடறப்ப அப்பிடித்தான் சாத்தி வெப்போம். வார்டுல ஆளு இருக்க மாட்டாங்கன்னா, அது வேற விசயம்.

தட்டினா. ஏனுங்க ஏனுங்கன்னா. பொய்யான பினாயில் ஊத்தறப்ப இந்தச் சத்தம் எங்க போச்சுன்னு கேட்டேன். அப்பறம் பேச்சு இல்லை, தட்டறது மட்டும். அப்பறம் அதுவும் நின்னு போச்சு. சரி, புத்தி வந்துட்டதுன்னு தொறந்தேன். சுவத்தோரமாச் சாஞ்சு கெடந்தா. நானேதான் தூக்கினேன் தம்பி, நானேதான் ஆட்டோ புடிச்சுக் கொண்டுபோயிச் சேத்தேன். அதை மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க.

டாக்டரு நுரையீரல் வெந்து போச்சுன்னாரு. என்ன பண்ணீங்கன்னு கேட்டாரு. பாத்ரூம் கழுவுறப்பப் புகை அடிச்சுட்டதுன்னேன். அப்பிடியாம்மான்னு இவகிட்டக் கேட்டாரு. இவ என்னைப் பாத்துட்டு ஆமான்னு தலையாட்டினா. இனி இது பழைய மாதிரி ஆகாது, வீட்டுல பினாயில், பிளீச்சிங், ஊதுபத்திகூட ஆகாதுன்னாரு. அவரு ரூமுக்குள்ள ஒரு வாசமும் இல்லை, அப்பவே நெனைச்சேன் இவரும் பொண்ணு கட்சின்னு.

தமயந்தி அங்கயே நின்னு அம்மாளை நான் கூட்டிட்டுப் போறேன்னா. விடுவேனா? கூட்டிட்டுப் போயிட்டா எனக்கு யாரு சோறு ஆக்கறது? வீட்டுக்கே கூட்டிட்டு வந்துட்டேன். இப்பவும் அவதான் சமைக்கறா, ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு. அடுப்புகிட்ட ஆக்சிஜன் ஆகாதுன்னு மெஷினை மாட்ட வந்த உங்க கம்பெனி ஆளு முதல் நாளே சொல்லிக் குடுத்துட்டுப் போனாரே, அதனால சமைக்கறப்பக் குழாயைக் கழட்டி வெச்சுடச் சொல்லிட்டேன். கொழம்பு கொதிக்கறதுக்குள்ள ரெண்டு வாட்டி கட்டிலுக்கு வந்து மூச்சு எடுத்துட்டுப் போவா. விதிமுறைன்னா நான் விடமாட்டேன்.

வாங்க, இப்ப மெஷினைப் பாருங்க. ஓடுது பாருங்க, நல்லாத்தான் ஓடுது. இதுல என்ன கொறை? இவதான் சும்மா சும்மா மூக்குக் குழாயைப் புடுங்கிப் போடறா. வாடகைக்கு எடுத்த மெஷின், சும்மா ஓடுனா நஷ்டமில்லையா? மூணு நாளைக்கு முன்னால கையைச் சேலைத் தலைப்புல கட்டில் கம்பியோட சேத்துக் கட்டினேன். லேசாத்தான். கொழந்தைக்கு மருந்து குடுக்கறப்பக் கையைப் புடிக்கறமில்ல, அது மாதிரி.

ஆமாங்க, அதுதான் தண்ணி பாட்டில். அதுக்குள்ள போயித்தான் காத்து குமிழ் குமிழா வருது. கழட்டுங்க, கழட்டிப் பாருங்க, சுத்தமா வெச்சிருக்கறேன். ஏன் தம்பி மூஞ்சி இப்பிடிப் போகுது? வாசமா? பிளீச்சிங் தண்ணிதான். தினமும் நானே ஊத்தறேன். வெறும் தண்ணியை ராவும் பகலும் ஒரு பாட்டில்ல நிறுத்தி வெச்சா அதுல கொசு முட்டை போடும். அந்தக் காத்தைத்தானே இவ இழுக்கறா? வெளியில எத்தனை சுத்தம் பண்ணி என்ன, உள்ள நெஞ்சுக்குள்ள யாரு சுத்தம் பண்றது? இதை யோசிச்சப்ப எனக்கே சந்தோசமாயிருச்சு. நெஞ்சுக்குள்ளயே மருந்து போகுது பாருங்க. குடிதண்ணித் தொட்டிக்குப் போடற அளவை விட ஒரு புடி கூடத்தான்.

ஏன் ஓடறீங்க? ஏன் அதைக் கொட்டறீங்க? சரி, கழுவோணும்னா கழுவிக்குங்க. எத்தனை வாட்டிதான் அலசுவீங்க? அவகிட்ட என்ன குசுகுசுன்னு கேக்கறீங்க? எங்கிட்டக் கேளுங்க, எத்தனை நாளான்னு நான் சொல்றேன். மெஷின் வந்த மறுநாள்ல இருந்து.

போன் பேசோணுமா? பேசுங்க. வெளியில நின்னு பேசுங்க, சிக்னல் அங்கதான் இருக்குது. வர்றப்பக் காலை நனைச்சுட்டு வாங்க.

பாத்தியா வசந்தாமணி, ஒரு பாட்டில் கழுவறதுக்கு எத்தனை அமர்க்களம். இப்ப வெறும் தண்ணியை ஊத்தி ஓட விட்டிருக்கறான். நீயும் நல்லா இழுத்து இழுத்துக் குடிக்கற. ஆளு போகட்டும்.

வந்துட்டீங்களா? ஆபீஸுலயா பேசுனீங்க? என்ன சொன்னாங்க? மெஷினையும் பேஷண்டையும் சேத்துக் கோயமுத்தூருக்குக் கொண்டாரோணுமா? ரெண்டு நாளு வெச்சு டெஸ்ட் பண்ணோணும்னா சொல்றாங்க? ரூலா? ரூலுன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன். உங்க அட்டையைக் காட்டுங்க. ம், சீல் இருக்குது. சரி. அரசாங்கத்துல இருந்தவன் நான், சீல் இருந்தாப் போதும்.

கேட்டுச்சா வசந்தாமணி? ரெண்டு நாளைக்குத் துணி எடுத்துக்க. அட, கட்டிலுக்கு அடியில இருந்து பையை இழுக்கறா. எப்ப எடுத்து வெச்ச? குடு, நான் தூக்கறேன். என்ன இது, இந்தக் கனம் கனக்குது? ரெண்டு நாளைக்குக் கல்யாணப் பட்டு எதுக்கு? குலசாமி படம் எதுக்கு? பேத்திக்கு வாங்குன கொலுசு வேற. பொம்பளைங்க பை கட்டுனா இப்பிடித்தான் தம்பி, ரெண்டு நாளைக்கு ரெண்டு வருசத்துக்கு ஆகறதைக் கட்டுவாங்க.

பாருங்க, யாரையும் புடிக்காம எறங்கறா. நேத்து வரைக்கும் கக்கூஸுக்குப் போக என்ற தோளைப் புடிச்சவ. மூஞ்சியைப் பாருங்க, என்ன தெளிவு. நான் போட்ட மருந்து நெஞ்சுக்குள்ள நல்லா வேலை செஞ்சிருக்குது, நீங்கதான் கொட்டிப்போட்டீங்க. ஏறு, ஏறு, வண்டிக்குள்ள ஏறிக் காலை நீட்டிக்க. சின்ன சிலிண்டர் வெச்சிருக்கறீங்களா, நல்லதாப் போச்சு.

கதவைச் சாத்தாதீங்க தம்பி, நானும் வர்றேன். எடம் இல்லையா? முன்னால உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன். ரூல் இல்லையா? பேஷண்டுகூட ஒரு ஆளு வரோணும்ங்கறதுதான் ரூலு, அது எனக்குத் தெரியாதா. இதோ கேனைக்கூட எடுத்துட்டேன். அஞ்சு லிட்டரு, கறுப்புப் பினாயில்தான். டெஸ்டு முடிஞ்சதும் அப்பிடியே தமயந்தி வீட்டுக்குப் போயிடலாம். அவ வீட்டுல ஒரு மருந்தும் இருக்காது, எல்லாம் சோப்புத் தண்ணி. பேத்தி இப்ப நடக்குதாம். அது நடக்கற தரையை ஒரு வாட்டி நானே கையால நல்லாத் துடைச்சுக் குடுத்துட்டு வரோணும். பாத்ரூமையும் பாக்கோணும். ஒரு வாரம் பத்து நாளு தங்கினாலும் தங்கிட்டு வரலாம், இங்க எனக்கு என்ன வேலை?

என்ன வசந்தாமணி? ஏன் குழாயைக் கழட்டற? அட, எங்க எறங்கற? தம்பி, புடிங்க, விழுந்துடப் போறா. என்ன சொல்ற? சத்தமாச் சொல்லு.

நான் வரலீங்க. டெஸ்டு ஒண்ணும் வேண்டாங்க. நீங்களும் போக வேண்டாங்க, நாம இங்கயே இருந்துக்கலாங்க.

கேட்டீங்களா தம்பி, ஒரு மூச்சுல எத்தனை வார்த்தை பேசிட்டா. அவளைக் கூப்பிடாதீங்க. கையைப் புடிக்காதீங்க, அதெல்லாம் எனக்குப் புடிக்காது. அவ உங்ககிட்ட என்ன சொல்றா? அங்க கொழந்தை இருக்குதுங்க தம்பி, நீங்க கெளம்புங்கன்னா? எந்தக் கொழந்தை? சரி விடுங்க, மூச்சுத் திணறுனா இப்பிடித்தான் சம்பந்தமில்லாமப் பேசுவா. பையை எறக்கிக் குடுங்க. மெஷினையும் எறக்கி உள்ள வெச்சுடுங்க.

இத்தனை வருசம் குடும்பம் நடத்துனவளுங்க, என்னையும் வீட்டையும் விட்டுட்டு ரெண்டு நாளு இருக்க அவளால முடியலை. பாத்தீங்களா? பொண்ணு ஊரெல்லாம் என்னென்னமோ சொல்லிட்டுத் திரியறா. நீங்க நேர்ல பாத்தவரு, நீங்களே போன் போட்டு அவளுக்குச் சொல்லிடுங்க. நான் தடுக்கலை. நான் வண்டியில ஏறி உக்காந்தாச்சு. அவளாத்தான் எறங்குனா.